சீனாவின் ஹூகோ: ஆளை வரவிடுகிறது, குடும்பத்தை வரவிடுவதில்லை

தூரதேசம் எழுதியது:

"ஹூகோ இருக்கும்வரை சீனக் கிராமத்தான் நகரத்துக்குள் நுழையவே முடியாது" என்று வேறொரு இழையில் நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். ஹூகோ என்பது யார் எந்த ஊர்க்காரர் என்று சீன அரசு வைத்திருக்கும் குடும்பப் பதிவு. அங்கேயே பதில் போட்டால் பேச்சு திசைமாறிவிடும், அதனால் இங்கே தனியாகத் தொடங்குகிறேன்.

2009 முதல் 2015 வரை குவாங்டோங் மாகாணத்தின் டோங்குவானில் இருந்தேன். ஆயத்த ஆடை வாங்கும் கம்பெனி ஒன்றுக்குத் தரச் சோதனை வேலை. தொழிற்சாலை தொழிற்சாலையாகப் போய்த் தையல், பட்டன், அளவு எல்லாம் பார்த்து, சரியாக இருந்தால் பெட்டியை மூடச் சொல்ல வேண்டும். அந்த ஆறு வருடத்தில் லைனில் நான் பார்த்த உள்ளூர்க்காரர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். மற்றவர் எல்லாம் ஹூனான், சிச்சுவான், ஹெனான், குவாங்ஷி என்று எங்கெங்கிருந்தோ வந்தவர்கள். பக்கத்து ஷென்ஜெனில் 2020 கணக்கெடுப்பில் 1.75 கோடிக்கு மேல் மக்கள், அதில் அந்த ஊர் ஹூகோ உள்ளவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். ஆகவே நுழைய முடியாது என்பது இன்றைக்குப் பொருந்தாது. ரயில் டிக்கெட்டும் உழைக்கிற கையும் இருந்தால் போதும், யாரும் தடுக்கமாட்டார்கள்.

ஹூகோ கேட்கிற கேள்வி வேறு. பிள்ளை எங்கே படிக்கும், படுத்துவிட்டால் எந்த ஊர்க் காப்பீடு, வயதான பிறகு பென்ஷன் யார் தருவது? இதற்கெல்லாம் "உன் பெயர் பதிவான ஊரில்" என்பதுதான் ரொம்ப காலமாக ஒரே பதில். அதனால் மனிதன் வருகிறான், அவன் வீடு வருவதில்லை. உழைக்கிற வயது மட்டும் நகரத்துக்கு, பிள்ளைப் பருவமும் முதுமையும் கிராமத்துக்கு. நான் சொல்ல வருவது இவ்வளவுதான்.

அந்தப் பதிவை எழுதிவைக்கும் ஹூகோ புத்தகத்தை நான் முதன்முதலில் பார்த்தது 2009 கடைசியில். ஹூனான் பக்கத்திலிருந்து வந்த அக்கா ஒருவர், காலர் தைக்கும் மேசையில் இருப்பவர், மகனைப் பள்ளியில் சேர்க்க அதை ஊரிலிருந்து எடுத்து வந்திருந்தார். பழுப்புச் சிவப்பு அட்டை, உள்ளே ஆளுக்கு ஒரு பக்கம். முதல் பக்கத்தில் குடும்பத் தலைவராக அவருடைய மாமனார். அக்காவின் பக்கத்தில் உறவு என்ற கட்டத்தில் மருமகள், பிறகு பூர்வீகம், பிறந்த தேதி, படிப்பு, எங்கிருந்து எப்போது வந்தார் என்ற வரி, ஓரத்தில் போலீஸ் நிலையத்தின் சிவப்பு முத்திரை. வகை என்ற இடத்தில் விவசாயக் குடும்பம் என்று இருந்தது. அவர் கடைசியாக வயலில் இறங்கிப் பதிமூன்று வருடம் ஆகியிருந்தது.


பழங்கணக்கு எழுதியது:

நல்ல இழை. ஆனால் அந்த நண்பர் சொன்னது முழுக்கத் தவறு என்று தள்ளிவிட வேண்டாம். ஒரு காலத்தில் அது உண்மையாகவே இருந்தது.

1958 ஜனவரி 9 அன்று குடும்பப் பதிவு விதிகள் வந்தன. கிராமத்திலிருந்து நகரத்துக்குப் பெயரை மாற்ற, நகரத் தொழிலாளர் துறையின் வேலைச் சான்று வேண்டும், இல்லையென்றால் பள்ளி சேர்க்கைச் சான்று, அதுவும் இல்லையென்றால் அந்த நகரப் பதிவு அலுவலகத்தின் அனுமதி. இத்தனைக்கும் நான்கே வருடம் முன்னால், 1954 அரசியல் சட்டத்தின் 90வது பிரிவில் இடம்பெயரும் உரிமை எழுதப்பட்டிருந்தது. 1975இல் வந்த சட்டத்தில் அதை எடுத்துவிட்டார்கள், 1982இல் வந்த சட்டத்திலும் திரும்ப வைக்கவில்லை.

ஆனால் வெறும் காகிதச் சட்டத்தால் கோடிக்கணக்கான பேரைக் கட்டிப்போட முடியாது. உண்மையான பூட்டு தானியம்தான். 1953 முதல் தானியத்தை அரசே கொள்முதல் செய்து அரசே விற்றது. 1955 முதல் நகரங்களில் கூப்பன். நகரத்து ஹூகோ இருந்தால் கூப்பன், இல்லாவிட்டால் அரிசி வாங்க வழியில்லை, வேலையும் வீடும் கூட அரசு நிறுவனம் வழியாகத்தான். நீ ஊர் மாறிவிடலாம், உன் பங்குச் சோறு ஊர் மாறாது. பெரும் பாய்ச்சல் எனும் மாவோவின் தொழில் வளர்ச்சித் திட்டக் காலத்தில் தொழிற்சாலைகளுக்கு ஆள் வேண்டும் என்று கிராமத்தாரைத் திரளாக உள்ளே எடுத்தார்கள், பஞ்சம் வந்ததும் 1961 தொடங்கி ஏறக்குறைய 2 கோடிப் பேரைத் திருப்பி அனுப்பினார்கள். நகரம் வேண்டும்போது எடுத்துக்கொள்ளும், வேண்டாதபோது கிராமத்தில் இறக்கிவைக்கும். அந்தப் பழக்கம் அங்கேதான் ஆரம்பித்தது என்பது என் கருத்து.

1984இல் சிறு சந்தை ஊர்களில் மட்டும், சாப்பாட்டுத் தானியத்தைத் தானே பார்த்துக்கொண்டால் குடியேறலாம் என்றார்கள். 1985இல் தற்காலிக வசிப்புச் சீட்டு வந்தது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தானியக் கூப்பனும் ஒழிந்தது. அப்புறம்தான் தூரதேசம் சொல்கிற காலம், காசு இருந்தால் எந்த ஊரிலும் சாப்பிடலாம் என்கிற காலம்.

அப்போதும் தெருவில் பயமில்லாமல் நடக்க முடிந்ததா? 2003 மார்ச்சில் குவாங்சோவில் சுன் ஜிகாங் என்ற 27 வயது இளைஞர், ஹூபெயைச் சேர்ந்தவர், வடிவமைப்பு வேலை பார்த்தவர், இரவில் இணைய மையத்துக்குப் போகும் வழியில் பிடிபட்டார். வசிப்புச் சீட்டு இல்லை. மூன்று நாளில் காவலிலேயே அடிபட்டு இறந்தார். செய்தி வெளியாகி நாடே கொதித்தது. 1982 முதல் இருந்த, பிடித்துவைத்துத் திருப்பியனுப்பும் விதியை அந்த ஜூன் மாதமே ரத்து செய்தார்கள். அதுவரை நகரத்தில் இருந்த ஒவ்வொரு கிராமத்துத் தொழிலாளிக்கும் அந்தச் சீட்டு சட்டைப்பையில் இருந்தாக வேண்டும். இதை மறந்துவிட்டு ஹூகோவைப் பள்ளி, பென்ஷன் விஷயமாக மட்டும் பேசக்கூடாது.


நாணல் எழுதியது:

பழங்கணக்கு ஐயா, சுன் ஜிகாங் பற்றி இப்போதுதான் தெரிந்துகொண்டேன். மனசு கனத்துவிட்டது.

தூரதேசம் அண்ணா, அந்த அக்காவின் மகன் பள்ளியில் சேர்ந்தானா? நான் ஆசிரியை, அதனால் கேட்கிறேன்.


தூரதேசம் எழுதியது:

பழங்கணக்கு ஐயா, நீங்கள் சொன்னது சரி. நான் 2003க்குப் பிறகு போனவன், அந்தப் பயத்தைக் கண்ணால் பார்க்கவில்லை. லைனில் இருந்த மூத்தவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன், ராத்திரி கதவு தட்டினால் கொல்லைப்பக்கம் வாழைத்தோப்புக்குள் ஓடி ஒளிந்ததாக.

//அந்த அக்காவின் மகன் பள்ளியில் சேர்ந்தானா?//

சேர்ந்தான் சகோதரி. அரசுப் பள்ளியில் அல்ல, வெளியூர்ப் பிள்ளைகளுக்கென்று நடந்த தனியார் பள்ளியில். அவன் 1999இல் பிறந்தவன். ஒரு வயது ஆகும்போது பாட்டியிடம் விட்டுவிட்டு அக்கா திரும்ப டோங்குவானுக்கு வந்துவிட்டார். வருடத்துக்கு ஒருமுறை, வசந்த விழா எனும் சீனப் புத்தாண்டுக்கு மட்டும் ஊர். அவர் அடிக்கடி சொன்ன ஒரு விஷயம், மூன்று வயதில் மகன் தன்னைப் பார்த்ததும் பாட்டியின் பின்னால் போய் ஒளிந்துகொண்டு "இது யார்?" என்று கேட்டானாம். பத்து வயதில்தான் அழைத்து வர முடிந்தது. ஐந்தாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை டோங்குவானில் படித்தான், அந்தப் பக்கத்து மொழியான கண்டனீஸ் கூடப் பேசப் பழகிவிட்டான்.

2013 கோடையில் திருப்பி அனுப்பினார்கள். மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வும், அதற்குப் பிறகு வரும் காவ்காவ் எனும் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வும் பெயர் பதிவான மாகாணத்தில்தான். பாடப் புத்தகமும் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. அதனால் கடைசி நேரத்தில் போனால் பிடிக்க முடியாது, ஒன்பதாம் வகுப்புக்கே போய்விட வேண்டும். வெளியூர்ப் பிள்ளைகளையும் தங்கள் மாகாணத்திலேயே தேர்வெழுத விடுவதாக குவாங்டோங் அப்போது அறிவித்திருந்தது, 2016 முதல். ஆனால் நிபந்தனையைப் பாருங்கள். பெற்றோருக்கு நிலையான வேலை, வசிப்புச் சீட்டு மூன்று வருடம், சமூகக் காப்பீடு மூன்று வருடம், பிள்ளை அங்கேயே மேல்நிலைப் பள்ளியில் மூன்று வருடம். அக்காவின் தொழிற்சாலை அவருக்குக் காப்பீடே கட்டவில்லை. அது முதலாளியின் தவறு. தண்டனை அனுபவித்தது எட்டாம் வகுப்புப் பையன்.

பேருந்து நிலையத்துக்கு நானும் போயிருந்தேன், மூட்டை தூக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டார்கள். பையன் அழவில்லை. பள்ளிச் சீருடையின் மேல்சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான், அந்த வெயிலில். அதன் முதுகில் சிநேகிதர்கள் எல்லாரும் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். அக்கா அதைக் கழற்றச் சொல்லவில்லை, பஸ் கிளம்பும்வரை அந்தக் காலரைச் சரிசெய்துகொண்டே இருந்தார்.


நாணல் எழுதியது:

எழுத வார்த்தை வரவில்லை அண்ணா. பதினான்கு வயதில் புது ஊர், புதுப் புத்தகம், அதுவும் "சொந்த ஊர்" என்ற பெயரில். படிப்பைத் தொடர்ந்தானா?


தூரதேசம் எழுதியது:

ஒன்பதாம் வகுப்பு முடித்தான். மேல்நிலைக்கு மதிப்பெண் போதவில்லை. ஒரு வருடம் தொழிற்பள்ளி, பிறகு வேலை. பதினேழு வயதில் அவனும் குவாங்டோங்குக்கே திரும்ப வந்தான், இந்த முறை தொழிலாளியாக.


எண்ணும்எழுத்தும் எழுதியது:

ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்லிவிட்டீர்கள், அளவு எவ்வளவு என்று நான் வைக்கிறேன். 2020 கணக்கெடுப்புப்படி பதிவான இடத்தை விட்டு வெளியே வாழும் இடம்பெயர் மக்கள் 37.5 கோடிக்கு மேல். கிராமத்து ஹூகோவோடு கூலி வேலைக்குப் போகிறவர்களை, நோங்மின்கோங் என்பார்கள், புள்ளியியல் அலுவலகம் வருடா வருடம் எண்ணுகிறது. 2024இல் 29.97 கோடி. இதில் சொந்த ஊர்ப் பக்கமே வேலை பார்ப்பவர்களும் சேர்த்தி, எல்லாரும் தூரம் போனவர்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு கணக்குதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 2023இல் நகரத்தில் வாழ்வோர் 66.2 சதவீதம். நகரத்து ஹூகோ உள்ளவர்கள் 48.3 சதவீதம். இடைவெளி 18 புள்ளி, ஆள்கணக்கில் 25 கோடிக்கு மேல். நகரத்தில் இருந்துகொண்டே நகரத்தின் ஆளாக இல்லாதவர்கள் இவர்கள்தான். 2014 திட்டத்தில் 2020க்குள் 10 கோடிப் பேருக்கு நகர ஹூகோ தருவோம் என்று இலக்கு வைத்தார்கள், எட்டியும் விட்டதாக அறிவித்தார்கள். எட்டிய பிறகும் இடைவெளி இவ்வளவு.

ஊரில் விடப்பட்ட பிள்ளைகள் பற்றி யாராவது எண் போட்டால் எந்த வரையறை என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். 2013இல் மகளிர் கூட்டமைப்பு சொன்னது 6.1 கோடி. 2016இல் குடிமை விவகார அமைச்சகம் சொன்னது 90 லட்சத்துச் சொச்சம். மூன்று வருடத்தில் ஐந்து கோடிப் பிள்ளைகள் அம்மா அப்பாவோடு சேர்ந்துவிடவில்லை. முதல் கணக்கில் பெற்றோரில் ஒருவர் வெளியே போயிருந்தாலும் எண்ணினார்கள், வயது 18க்குள். இரண்டாவதில் 16க்குள், இருவரும் வெளியே போயிருக்க வேண்டும், அல்லது ஒருவர் போய் மற்றவர் பார்த்துக்கொள்ள முடியாத நிலையில் இருக்க வேண்டும். இணையத்தில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து "பிரச்சினை தீர்ந்துவிட்டது" என்று எழுதுகிறார்கள், படிக்கும்போது கோபம் வருகிறது.


மண்வெட்டி எழுதியது:

எல்லாரும் நகரத்து ஹூகோ கிடைக்காதது பற்றியே பேசுகிறீர்கள். கொடுத்தாலும் வேண்டாம் என்கிறவர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்கு நிலம், குத்தகை சம்பந்தமான படிப்பு, அதனால் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன்.

கிராமத்து ஹூகோ வெறும் குறை அல்ல. நிலம் கிராமக் கூட்டமைப்பின் சொத்து. அதில் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்த சாகுபடிப் பங்கு, வீடு கட்ட மனை, கூட்டமைப்புக்கு வருமானம் வந்தால் அதிலும் பங்கு, எல்லாம் அந்த ஊரில் பெயர் இருப்பதோடு ஒட்டிக்கொண்டு வருபவை. மனையை வெளியாளுக்கு விற்க முடியாது. பெயரை நகரத்துக்கு மாற்றினால் இதெல்லாம் போய்விடுமோ என்ற பயம் இன்றும் இருக்கிறது, காரணமில்லாத பயமும் இல்லை. 2010இல் சோங்சிங் மாநகரில் பெரிய அளவில் ஹூகோ மாற்றினார்கள். சாகுபடி நிலம், காடு, மனை என்ற மூன்று பழைய சட்டையைக் கழற்றிவிட்டு வேலை, காப்பீடு, வீடு, கல்வி, மருத்துவம் என்ற ஐந்து புதுச் சட்டையைப் போட்டுக்கொள் என்று பேசினார்கள். பழையதைக் கழற்றத்தான் வேண்டுமா என்று விவசாயிகள் கேட்டார்கள், நியாயமான கேள்வி. பின்னால் 2014 கொள்கையிலும், 2019 முதல் நடைமுறைக்கு வந்த நிலக் குத்தகைச் சட்டத் திருத்தத்திலும், நகரத்தில் பெயர் பதிய நிலத்தை விட்டுக்கொடுக்கச் சொல்லக்கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

2008 கடைசியில் உலகச் சந்தை சரிந்தபோது ஏற்றுமதித் தொழிற்சாலைகள் மூடின. ஏறக்குறைய 2 கோடிப் பேர் வேலை போய் ஊருக்குத் திரும்பினார்கள். அவர்களுக்குச் சோறு போட்டது எந்த நகராட்சியும் இல்லை, அந்தத் துண்டு நிலம்தான். ஆகவே நிலத்தை வைத்துக்கொண்டு நகரத்தில் உழைப்பதை அறியாமை என்று நினைக்காதீர்கள், அது அந்தக் குடும்பம் போட்ட கணக்கு.


தூரதேசம் எழுதியது:

மண்வெட்டி, உங்கள் கருத்தில் பாதியை ஏற்கிறேன். என் ஆட்களில் பலர் அப்படித்தான், ஊர் நிலத்தைச் சித்தப்பாவிடம் விட்டிருப்பார்கள், வீட்டை மூன்று மாடி கட்டிப் பூட்டி வைத்திருப்பார்கள். டோங்குவானில் எட்டுப் பேர் படுக்கும் அறையில் இருந்துகொண்டு, போனில் அந்த மூன்று மாடி வீட்டைக் காட்டுவார்கள். காட்டும்போது முகத்தில் வரும் வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இன்னொரு பக்கமும் இருக்கிறதல்லவா? ஊரில் நிலம் இருக்கிறது என்பதையே சாக்காக வைத்து நகரம் கை கழுவிவிடுகிறது. வேலை போனாலும், உடம்பு முடியாமல் போனாலும், வயதானாலும் "உனக்கு ஊரில் நிலம் இருக்கிறதே" என்ற ஒரே பதில். அந்த இரண்டு கோடிப் பேருக்கும் நகரத்தில் வேலையில்லாக் கால உதவி கிடைத்திருந்தால் அன்று ரயில் ஏறியிருப்பார்களா? நாற்பது வயதுக்குப் பிறகு ஆளை மாற்றி ஊரிலிருந்து புது இளைஞரை எடுத்துக்கொள்ளலாம் என்று எத்தனையோ தொழிற்சாலை பல வருடம் வசதியாக இருந்தது. 2004 வாக்கில் இளைஞர் வரத்து குறைந்து குவாங்டோங்கில் ஆள் பஞ்சம் என்று பேச்சு வந்த பிறகுதான் கூலியே அசைய ஆரம்பித்தது.


வெண்பஞ்சு எழுதியது:

மண்வெட்டி எழுதிய "குடும்பம்" என்ற சொல்லில் நிற்கிறேன். யாருடைய கணக்கு அது?

சாகுபடிப் பங்கு குடும்பத் தலைவர் பெயரில். பெண் கல்யாணமாகி வேறு கிராமத்துக்குப் போனால், பிறந்த ஊரில் "வெளியே கட்டிக்கொடுத்த பெண்" என்று பங்கை எடுத்துவிடுவார்கள், புகுந்த ஊரில் மறுபங்கீடு நடக்காததால் அங்கேயும் கிடைக்காது. ஹூகோவைப் பிறந்த ஊரிலேயே வைத்திருந்தால் கூட, ஈவுத்தொகை பிரிக்கும்போது கிராமக் கூட்டம் ஓட்டுப் போட்டுப் பெயரை நீக்கிவிடும். குவாங்டோங்கில் நிலம் தொழிற்சாலைக்குப் போய்ப் பணம் கொட்டிய கிராமங்களில்தான் இந்தத் தகராறு அதிகம். 2024 ஜூனில் நிறைவேறி 2025 மே முதல் அமலான கிராமக் கூட்டமைப்புச் சட்டத்தில், கல்யாணம், விவாகரத்து என்ற காரணம் காட்டிப் பெண்ணின் உரிமையைப் பறிக்கக்கூடாது என்று இப்போது எழுதியிருக்கிறார்கள். அதை நடைமுறைப்படுத்த வேண்டியதும் அதே கிராமக் கூட்டம்தான்.

அந்தப் புத்தகம் யார் அலமாரியில் இருக்கிறது என்பதும் பெரிய விஷயம். கல்யாணத்தைப் பதிவு செய்ய 2025 வரை புத்தகம் கட்டாயம். அப்பாவுக்கு மாப்பிள்ளை பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தைக் கொடுக்கமாட்டார், அவ்வளவுதான் கதை முடிந்தது. புத்தகத்தைத் தெரியாமல் எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு செய்த பெண்கள் எத்தனையோ பேர். அதுவும் இருவரில் ஒருவரின் பதிவு ஊருக்கே போக வேண்டியிருந்தது, ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி வேலை பார்த்தாலும். 2025 மே 10 முதல் புத்தகம் தேவையில்லை, அடையாள அட்டை போதும், எந்த ஊரிலும் பதியலாம் என்று மாற்றிவிட்டார்கள். மற்ற சீர்திருத்தம் எல்லாவற்றையும்விட எனக்கு இது பெரிதாகத் தெரிகிறது.


கரும்பலகை எழுதியது:

பெரிய நகரங்கள் பற்றி ஒரு சந்தேகம். பட்டம், வீடு, வரி என்று பார்த்து மதிப்பெண் போடும் முறையில் இப்போது தகுதி இருந்தால் யாருக்கும் ஹூகோ கிடைக்கும் என்றுதானே சொல்கிறார்கள்? 2014க்குப் பிறகு விவசாய வகை, விவசாயமல்லாத வகை என்ற பிரிவே கிடையாது என்றும் படித்தேன். அப்புறம் என்ன பாகுபாடு?


எண்ணும்எழுத்தும் எழுதியது:

பிரிவின் பெயர் போனது உண்மை, எல்லாருக்கும் இப்போது "குடியிருப்போர்" என்று ஒரே வகை. ஆனால் நிஜச் சுவர் எப்போதுமே இரண்டு. எந்த வகை என்பது ஒன்று, எந்த ஊர் என்பது மற்றொன்று. முதல் சுவரை இடித்தார்கள். இரண்டாவது, ஊரைப் பொறுத்து உயரம் மாறுகிறது. 10 முதல் 30 லட்சம் பேர் வாழும் நகரங்கள் கட்டுப்பாட்டை முழுக்க நீக்க வேண்டும் என்று 2019இல் சொன்னார்கள். 2017 வாக்கில் வூஹான், சியான் போன்ற நகரங்கள் பட்டதாரிகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஹூகோ கொடுத்தன. பெய்ஜிங்கில் கதை வேறு. மதிப்பெண் முறையில் 2018இல் முதல் முறை கொடுத்தது 6,000 பேருக்குச் சற்று மேல், மனுப் போட்டவர்கள் ஒரு லட்சத்துக்கு மேல். மனுப் போடவே ஏழு வருடம் தொடர்ந்து சமூகக் காப்பீடு கட்டியிருக்க வேண்டும், மதிப்பெண் ஏறுவதோ பட்டம், வீடு, வரி ஆகியவற்றால். காலர் தைக்கிறவருக்கும் பார்சல் கொண்டுபோகிறவருக்கும் அதில் எங்கே இடம்?

அதனால்தான் இடம்பெயர்வின் திசையைப் பார்க்க வேண்டும். கதவு திறந்த சிறு நகரத்தில் வேலை குறைவு, வேலை உள்ள பெருநகரத்தில் கதவு ஒருக்களித்திருக்கிறது. ஆட்கள் வேலை இருக்கும் பக்கம்தான் போகிறார்கள்.


பழங்கணக்கு எழுதியது:

பெய்ஜிங் என்றதும் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2017 நவம்பர் 18 அன்று தாசிங் பகுதியில் வெளியூர்த் தொழிலாளர் குடியிருந்த கட்டடத்தில் தீ, 19 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு பாதுகாப்புச் சோதனை என்ற பெயரில் நகரெங்கும் அப்படிப்பட்ட குடியிருப்புகளைக் காலி செய்தார்கள், சில இடங்களில் ஒரு நாள், இரண்டு நாள் அவகாசம், உறைபனிக் காலத்தில். பெயர் அந்த ஊரில் இல்லாதவர் எங்கே போய் முறையிட முடியும்?


நெல்வயல் எழுதியது:

நான் வியட்நாமில் ஆடைத் தொழிலில் சில வருடம் இருந்தேன். அங்கேயும் ஹோகாவ் என்று இதே மாதிரிப் புத்தகம், சீனாவைப் பார்த்து வந்தது. ஹோ சி மின் நகரில் குடியிருப்போரை நிரந்தரம், தற்காலிகம் என்று நான்கு வகையாகப் பிரித்து வைத்திருந்தார்கள், பள்ளிச் சேர்க்கையில் வகைதான் பேசும். 2020இல் புதுக் குடியிருப்புச் சட்டம், 2023 ஜனவரி 1 முதல் காகிதப் புத்தகம் செல்லாது, எல்லாம் கணினித் தரவு. புத்தகம் போனது நிம்மதிதான். ஆனால் நிரந்தரப் பதிவு, தற்காலிகப் பதிவு என்ற வித்தியாசம் தரவுக்குள் இருக்கிறது. சீனாவில் வகைப் பெயரை எடுத்துவிட்டோம் என்று சொன்னாலும் உள்ளே எந்தக் கட்டத்தை வைத்து இடம் கொடுக்கிறார்கள் என்று பாருங்கள்.


நாணல் எழுதியது:

தூரதேசம் அண்ணா, இவ்வளவு பேச்சுக்கு நடுவில் எனக்கு அந்த அக்காவே நினைவில் நிற்கிறார். இப்போது எங்கே இருக்கிறார்? பென்ஷன் கிடைக்குமா?


தூரதேசம் எழுதியது:

இன்னும் டோங்குவானில்தான் சகோதரி. வேறு தொழிற்சாலை, அதே காலர் மேசை. மாதத்துக்கு ஒரு முறையாவது பேசுவோம்.

பென்ஷன் விஷயம் கொஞ்சம் நீளம். தொண்ணூறுகளின் கடைசியில் வேலை பார்த்த ஓர் இடத்தில் சில வருடம் காப்பீடு கட்டியிருந்தார்கள். அப்போது மாகாணம் விட்டு மாகாணம் கணக்கை மாற்ற வழியில்லை, அதனால் வேலையை விட்டுப் போகும்போது தன் பங்குப் பணத்தை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை மூடிவிடுவார்கள். வருடக் கடைசியில் காப்பீட்டு அலுவலக வாசலில் அதற்கென்றே வரிசை நிற்குமாம். முதலாளி கட்டிய பங்கு அந்த நகரத்துக்கே நின்றுவிடும். இவரும் அப்படி மூடியவர்தான். 2010 ஜனவரி முதல் கணக்கை மாற்றலாம், பாதியில் எடுக்கக்கூடாது என்று விதி வந்தது, இவருக்குப் பயன்படவில்லை, எடுத்தது எடுத்ததுதான்.

2014 ஏப்ரலில் டோங்குவானில் ஒரு பெரிய காலணித் தொழிற்சாலையில் பல்லாயிரம் பேர் வேலையை நிறுத்தினார்கள், கூலிக்காக அல்ல, காப்பீடு சரியாகக் கட்டவில்லை என்று. முன்னணியில் நின்றவர்களில் நாற்பதை நெருங்கியவர்கள் நிறைய, பென்ஷன் வயது கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தவர்கள். அந்தச் சூடு பரவித்தான் அக்கா இருந்த இடத்திலும் அந்த வருடம் கட்ட ஆரம்பித்தார்கள். மகன் ஊருக்குப் போய் ஒரு வருடம் ஆகியிருந்தது.

நகரத் தொழிலாளர் பென்ஷனுக்குக் குறைந்தது 15 வருடம் கட்டியிருக்க வேண்டும். 2014இலிருந்து எண்ணினால் 2029. அவர் 1977இல் பிறந்தவர், ஐம்பதைத் தாண்டியும் மேசையில் உட்கார வேண்டும், கண் ஒத்துழைக்க வேண்டும், ஐம்பது வயதுக்காரரை வைத்துக்கொள்ளும் தொழிற்சாலை கிடைக்க வேண்டும். விட்டுவிட்டு ஊருக்குப் போனால் ஊர்க் குடியிருப்போர் பென்ஷன்தான், அதன் அடிப்படைத் தொகை 2025இல் மாதம் 143 யுவான், மாகாணம் சேர்த்துக் கொடுப்பது தனி. அதை வைத்து என்ன செய்ய முடியும்? மண்வெட்டி சொன்ன துண்டு நிலம் இருக்கிறது, மாமனார் போன பிறகு அதைப் பக்கத்து வீட்டுக்காரர் உழுகிறார். நாட்டில் நோங்மின்கோங்கின் சராசரி வயதே 2023இல் 43ஐத் தாண்டிவிட்டது, அதனால் இந்தக் கணக்கைப் போடுகிறவர் அவர் ஒருவர் மட்டும் அல்ல.

மகனுக்குக் கல்யாணமாகிவிட்டது. மருமகள் குவாங்ஷிப் பெண், இருவருக்கும் குவாங்டோங்கின் ஃபோஷான் நகரில் வேலை. குழந்தை பிறந்து இரண்டு மாதம். போன ஞாயிறு அக்கா கூப்பிட்டு, பேரனின் பெயரை எந்தப் புத்தகத்தில் எழுதுவது என்று வீட்டில் பேச்சு நடக்கிறது என்றார். 1998 முதல் அப்பா பக்கமும் பதியலாம், அம்மா பக்கமும் பதியலாம். ஹூனானில் பதிந்தால் நிலத்தில் பேச ஓர் இடம், குவாங்ஷியில் பதிந்தால் சம்பந்தி வீட்டார் பார்த்துக்கொள்வார்கள், தேர்வும் எளிது என்கிறார்கள். ஃபோஷானில் பதிய முடியுமா என்று மகன் விசாரித்திருக்கிறான், காப்பீடு எத்தனை வருடம் கட்டியிருக்கிறாய் என்று கேட்டார்களாம். அவன் வேலை பார்க்கும் இடத்தில் இப்போதுதான் ஒன்றரை வருடமாகக் கட்டுகிறார்கள்.

நிபந்தனைப் பட்டியலைப் படம் பிடித்து அக்கா எனக்கு அனுப்பியிருக்கிறார், படித்துச் சொல் என்று. ஃபோஷான் விதிகளை அண்மையில் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தனிமடலில் வாருங்கள். குழந்தைக்கு இன்னும் எந்த ஊரிலும் பெயர் பதியவில்லை.